பிடிக்கும் காலமும் விடும் காலமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி என்றதும் வாசகர்களின் மனக்கண்முன் தோன்றுவன எவை? கரிசல் மண், கருவேல முள், பாளம் பாளமாய் வெடித்த நிலம், தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடம் சுமந்து வரும் பெண்கள். இவைதாமே? இந்த வறண்ட சீமையில் மிதவையேறி மீன் பிடிப்பதைப் பற்றி நாம் எழுதப் புகுந்தால், 'சாமியாருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது போலும்' என்று சிலர் நகைக்கக் கூடும். நகைப்பவர்கள், நல்ல மழை பெய்த ஓர் ஆண்டின் கார்த்திகைக் கடைசியில் இப்பக்கம் ஒருமுறை வந்து பார்க்கட்டும். புரட்டாசியில் ஆடு மேய்ந்த இடத்தில் அலை அடிக்கும். கரையின் இக்கோடியில் நின்று பார்த்தால், அக்கோடியில் நிற்கும் பனைமரம் விரல் அளவே தெரியும்.

பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985ஆம் ஆண்டில் பிரிந்த விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி இது. மேற்கே மலைச்சரிவில் பிறக்கும் குண்டாறு, திருச்சுழியைத் தொட்டு, கமுதி வழியாகச் சென்று மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. கலக்கிறது என்று சொல்வது புத்தக வழக்கு. ஆண்டில் பல மாதங்கள் அதில் மணல்தான் கிடக்கும். வற்றாத ஆறு வாய்க்காத நாட்டில் நம் முன்னோர் மழையையே நம்பிக் கண்மாய்களை வெட்டினர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழைநீரை வரத்துக்கால் வழியே கொண்டுவந்து, கரை கட்டி நிறுத்தி, மடை வழியே வயலுக்கு விட்டு, மிஞ்சியதைக் கலுங்கு வழியே அடுத்த ஊர்க் கண்மாய்க்கு அனுப்பினர். தமிழகம் முழுவதிலும் இத்தகைய ஏரிகளும் கண்மாய்களும் 39,000க்கு மேல் உள்ளன. கிழக்கே இராஜசிங்கமங்கலத்துப் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று இன்றும் சொல்வார்கள். ஒரே மூச்சில் நாரையாலும் பறந்து கடக்க இயலாத நீளம் என்பது அதன் பொருள்.

நீர் வந்த இடத்தில் மீன் வரும். அவ்வாறு வந்த மீனை எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதை நமக்குக் கற்பித்தவர் குருமடத்துப் பேராசிரியர் எவரும் அல்லர். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த ஒரு பெரியவர்.

குங்குமம் கரைத்த நீர்

சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரு வாரம் இருக்கையில், திருச்சுழிப் பக்கத்துக் கிளைக்கிராமம் ஒன்றிற்குத் திருப்பலி நிறைவேற்றச் சென்றிருந்தோம். மாலைத் திருப்பலிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அந்தப் பெரியவர் கண்மாய்க்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். உடன் வரலாமா என்று கேட்டோம்.

"சாமிக்கு நீச்சல் தெரியுமா?" என்பதே அவருடைய முதற் கேள்வி. தெரியும் என்றோம். "அப்பச் சரி. ஆனா நடுவுல எந்திரிச்சு நிக்கக் கூடாது" என்றார்.

அவருடைய படகு இதுதான்: காற்றடைத்த லாரி டியூப் நான்கு, அவற்றின்மேல் இறுக்கிக் கட்டிய மூங்கில் தட்டி, துடுப்புக்குப் பதில் கைக்கு ஒரு பலகைத் துண்டு. இருவர் அமர்ந்தால் தட்டியின் விளிம்பை நீர் தொடும். காலை மடக்கி, ஜெபமாலை சொல்பவர் போல அசையாமல் உட்கார்ந்துகொண்டோம்.

அவர் தேடியது விராலை. கண்மாய் மீன்களில் விரால் ஒரு தனிப்பிறவி. மற்ற மீன்களைப் போல நீரிலுள்ள காற்றை மட்டும் நம்பி அது வாழ்வதில்லை. தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றைப் பிடித்து வைக்கும் அறை ஒன்று அதற்கு உண்டு. ஆகவே அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கிச் செல்லும். கோடையில் கண்மாய் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து, அடுத்த மழை வரை தாக்குப்பிடிக்கவும் செய்யும். அது வேட்டையாடி உண்ணும் மீன். சும்மா கிடக்கும் இரையைக் காட்டிலும் ஓடும் இரை அதன் சினத்தையும் பசியையும் ஒருங்கே தூண்டும்.

இதை அறிந்த பெரியவர் தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. முள்ளில் சிறு கெண்டை ஒன்றைக் கோத்து, நீண்ட நூலை மிதவைக்குப் பின்னே விட்டார். பிறகு பலகைத் துண்டால் ஓசையின்றித் தண்ணீரைத் தள்ளினார். மிதவை நகர, நூல் நகர, கெண்டையும் உயிரோடு நீந்துவது போல் பின்னே வந்தது. நூலின் மறுமுனையைக் கால் பெருவிரலில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றியிருந்தார். ஏன் கட்டவில்லை என்று கேட்டோம். "கட்டுனா மீன் நம்மளக் கொண்டு போயிரும் சாமி" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று எண்ணினோம். அரைமணி கழித்து நூல் விண்ணென்று இழுபட்டபோதுதான் அது விளையாட்டல்ல என்பது விளங்கிற்று. ஒரு கிலோவுக்குக் குறையாத விரால் ஒன்று மிதவைக்கு வந்தது.

சூரியன் சாயும் நேரம். கோரைப் புல்லின் ஓரமாக மிதவை திரும்பியபோது, பத்து முழத் தொலைவில் நீர்ப்பரப்பில் யாரோ குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது போல ஒரு செம்மை தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அது அசைந்தது, சுருங்கிற்று, விரிந்தது. விரால் குஞ்சுகள்! காற்றை விழுங்கக் கூட்டமாக மேலே வந்திருந்தன. அவற்றின் அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும் என்பது நமக்குத் தெரியும். அந்நேரத்தில் அருகே எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும் என்பதும் தெரியும். அதாவது, தூண்டில்காரனுக்கு இதைவிட எளிய வேட்டை இல்லை.

"பெரியவரே, அங்கே பாருங்கள்! நூலை அந்தப் பக்கம் விடுங்கள்" என்றோம். குரலில் இருந்த ஆசையை நம்மாலேயே மறைக்க முடியவில்லை.

அவரோ நூலை மளமளவென்று சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். மிதவையை வந்த வழியே திருப்பினார். "பிள்ளைக்காரி சாமி அது. இப்பத் தொட்டா, காவலு போயி அம்புட்டுக் குஞ்சையும் மத்த மீனு தின்னு தீத்துரும். சித்திரைக்கு வாங்க. தண்ணி வத்தயில அதே மீனப் பிடிச்சுத் தாரேன்" என்றார்.

அன்று மாலை மறையுரைக்கு நாம் ஆயத்தம் செய்து கொண்டுபோன குறிப்பு பையிலேயே கிடந்தது. இயேசுவின் வருகைக்காகக் காத்திருப்பது எப்படி என்பதை மக்களுக்குச் சொல்ல வந்தவர்களுக்கு, காத்திருப்பது எப்படி என்பதை ஒருவர் செய்தே காட்டிவிட்டார்.

அள்ளித் தீர்த்தவர்கள்

இரையை இழுத்துக்கொண்டே படகைச் செலுத்தும் இம்முறை உலகெங்கும் உள்ளது. நம் கடற்கரையிலும் ஓடும் வள்ளத்தின் பின்னே நூலை விட்டு நெய்மீனைப் பிடிப்பார்கள். சென்னைப் பக்கத்தார் வஞ்சிரம் என்று சொல்வது அதைத்தான். கடல் போல் விரிந்த நன்னீர் ஏரிகளில் இக்கலையை நுணுக்கமாக வளர்த்தவர்கள் அமெரிக்க, கனடா நாட்டார். அவ்விரு நாடுகளுக்கும் நடுவே உள்ள ஐந்து பேரேரிகளுள் ஈரி என்பது ஒன்று. அதன் பரப்பு 25,000 சதுரக் கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு!

அந்த ஏரியின் பெயர்பெற்ற மீன் 'வால்-ஐ' எனப்படுவது. இருட்டில் விளக்கொளி பட்ட பூனைக் கண்போல் அதன் கண் பளபளக்கும். ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் அக்கண்ணுக்குள் இருப்பதே காரணம். நாம் வேண்டுமானால் பளிங்குக்கண் மீன் என்று சொல்லிக்கொள்வோம். மங்கிய ஒளியில் நன்றாகப் பார்க்கும் கண் என்பதால், காலைக் கருக்கலிலும் மாலை மயக்கத்திலும் அது வேட்டைக்குக் கிளம்பும். தூண்டில்காரர்களும் அந்நேரத்திலேயே கிளம்புவார்கள். சிறு படகின் எந்திரத்தை, மனிதர் நடக்கும் வேகத்துக்குத் தணித்துவிடுவார்கள். மரத்தாலோ நெகிழியாலோ செய்த பொய்மீன் நீண்ட நூலில் பின்னே நெளிந்து வரும். மீன் எந்த ஆழத்தில் உலாவுகிறதோ, அந்த ஆழத்துக்குப் பொய்மீன் இறங்குமாறு ஈயத்தைக் கட்டுவதும் நூலை நீட்டுவதுமே அதிலுள்ள திறமை. டியூப் மிதவைக்கும் எந்திரப் படகுக்கும் விலையில் வேறுபாடு பெரிது, அறிவில் இல்லை. இரண்டுக்கும் பாடம் ஒன்றே: பெரிய நீரில் மீன் உன்னைத் தேடி வராது, நீதான் பொறுமையாகத் தேடிப் போகவேண்டும்.

ஆயின் அதே ஈரி ஏரிக்கு ஒரு சோகக் கதையும் உண்டு. பளிங்குக்கண் மீனில் நீல நிற வகை ஒன்று அங்கே மிகுதியாக வாழ்ந்தது. வலைக்காரர்கள் அதை ஆண்டுதோறும் டன் கணக்கில் அள்ளினர். எவ்வளவு அள்ளினாலும் குறையாது என்று நம்பினர். 1950களின் இறுதியில் வலைகள் வெறுமையாகத் திரும்பத் தொடங்கின. அளவு மீறி அள்ளியதோடு, ஆலை, நகரக் கழிவுகளால் ஏரி கெட்டதும் சேர்ந்துகொண்டது. 1983ஆம் ஆண்டு, அந்த மீன் அற்றுப்போயிற்று என்று அமெரிக்க அரசு அறிவித்தது. அது தனி வகையன்று, நிறம் மாறிய பளிங்குக்கண் மீனே என்று பின்னாளில் மரபணு ஆய்வு கூறியது. எப்படியாயினும், அந்த நீலத்தை இனி எந்தக் குழந்தையும் காணப்போவதில்லை.

எஞ்சிய பளிங்குக்கண் மீன் பிழைத்த விதம்தான் வியப்பு. 1970இல் அவ்வேரி மீன்களில் பாதரச நஞ்சு கலந்திருப்பது தெரியவந்தது. மக்கள் உடல்நலம் கருதி அம்மீனை வலையிட்டு விற்பதைத் தடுத்தனர். மனிதனைக் காக்கப் போட்ட தடை மீனுக்கு ஓய்வாக அமைந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மீன்வளம் மீண்டும் தழைத்தது. பாடம் கற்ற அந்நாட்டார், ஓராண்டில் இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று இப்போது பங்கு வகுத்துக்கொள்கிறார்கள். ஏரியின் தென்கரையிலுள்ள ஒகையோ மாநிலத்தில் 15 அங்குலத்துக்குக் குறைந்த மீன் தூண்டிலில் சிக்கினால், அதை நீரில் விட்டுவிட வேண்டும் என்பது விதி.

நஞ்சும் நட்டமும் கண்டபின் அவர்கள் எழுதிய சட்டத்தை, திருச்சுழிப் பெரியவர் எழுதாமலே வைத்திருந்தார்.

இராயப்பரின் தூண்டில்

ஏரி, சிறு படகு, தூண்டில் என்று பேசத் தொடங்கினால், நம் நினைவு கலிலேயாவுக்குப் போகாமல் இருக்குமா? கடல் என்று நற்செய்தி நூல்கள் சொல்லும் கெனசரேத்து, உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர், அகலம் 13. மேலே சொன்ன ஈரியோடு ஒப்பிட்டால் அது ஒரு பெருங் கண்மாய்தான்.

1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடும் வறட்சியால் அவ்வேரி உள்வாங்கியபோது, கரைச் சேற்றில் பழைய மரப்படகு ஒன்று வெளிப்பட்டது. அதைக் கண்டெடுத்தவர்கள் மீன்பிடிக்கும் சகோதரர் இருவர்! சுமார் 2,000 ஆண்டுப் பழைமையான அப்படகின் நீளம் 8 மீட்டருக்குச் சற்று மேல். அகலம் 2 மீட்டருக்குச் சற்று மேல். அதில் பத்துக்கு மேற்பட்ட மரவகைகள் இருந்தன. புது மரம் வாங்க வசதியின்றிக் கிடைத்த கட்டையை எல்லாம் வைத்து ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். திருத்தூதர்கள் ஏறியது இதே படகு என்று எவரும் சொல்லவில்லை; இதைப் போன்ற ஒன்று என்று சொல்லலாம். ஒட்டுப்போட்ட டியூபில் அமர்ந்து பார்த்த நமக்கு, அந்த ஒட்டுமரப் படகு அந்நியமாகத் தோன்றவில்லை.

திருத்தூதர்கள் வலைக்காரர்கள். நற்செய்தியில் தூண்டில் வருவது ஒரே ஓர் இடத்தில்தான். கோவில் வரி செலுத்துவதற்காக, ஏரிக்குப் போய்த் தூண்டில் போடும்படி இயேசு இராயப்பரிடம் சொன்ன நிகழ்ச்சியை மத்தேயு எழுதியிருக்கிறார். எந்த மீன் அது? நம் ஊர்களில் சிலேபி, ஜிலேபிக் கெண்டை என்று அழைக்கப்படும் மீனின் உறவான ஒன்றே இராயப்பர் மீன் என்ற பெயரில் அங்கே விருந்தினருக்குப் பரிமாறப்படுகிறது. ஆயின் அது நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்ணும் மீன். எளிதில் தூண்டிலைக் கடிப்பதில்லை. ஆகவே இராயப்பர் பிடித்தது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மீனாக இருக்கலாம் என்று அந்த ஏரியை ஆராய்ந்தோர் கருதுகிறார்கள்.

மீன் எதுவாயினும் ஒன்றைக் கவனியுங்கள். அன்று தேவைப்பட்டது இருவருக்கான வரி. கிடைத்ததும் இருவருக்கான வரியே. ஏரியிலிருந்து எடுத்தது தேவைக்குச் சரியாக இருந்தது. இது நமக்குப் புரிய இன்னும் நான்கு மாதங்கள் ஆயின.

மாசியில் வந்த சோதனை

அந்தக் கண்மாயின் மீன்பாசிக் குத்தகையை அவ்வாண்டு ஊரார் பொதுவில் எடுத்திருந்தனர். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விட்டிருந்தனர். இவை வடபுலத்துப் பேராறுகளின் மீன்கள். தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. 1957ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று ஒரிசாவில் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிஞர், ஊசி மருந்தால் இக்கெண்டை இனங்களை முட்டையிடச் செய்யும் வழியைக் கண்டார். அதனால்தான் இன்று எந்தக் கண்மாய்க்கும் குஞ்சு கிடைக்கிறது.

மாசி மாதத்தில் நகரத்து வியாபாரி ஒருவர் வந்தார். கண்மாயில் உள்ள மீன் முழுவதற்கும் ஒரே தொகை தருவதாகச் சொன்னார். அவர் கேட்ட உரிமை இதுதான்: மோட்டார் வைத்து எஞ்சிய நீரை இறைத்து, அடிச்சேறு வரை துழாவி, கடைசி மீன் வரை எடுத்துக்கொள்வார். தொகை பெரிது. அதில் ஒரு பங்கு அம்மன் கோவிலுக்கு, ஒரு பங்கு நம் சிற்றாலயத்துக்கு, மீதி ஊர்ப் பொதுவுக்கு என்று சிலர் கணக்குப் போட்டனர். நம் ஆலயக் கூரை மூன்று மழைக்காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்வதானால், அத்தொகையைக் கேட்டதும் புது ஓடுகளை மனத்தில் அடுக்கத் தொடங்கிவிட்டோம்.

ஊர்க் கூட்டத்துக்கு நம்மையும் அழைத்திருந்தனர். இளைஞர் பலர் விற்கவேண்டும் என்றனர். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "எப்படியும் சித்திரையில் தண்ணீர் வற்றும், விட்டுவைத்தால் வெயில்தான் தின்னும்" என்றார் ஒருவர். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார். "காசு வரும், சரி. கட்டிக்கொடுத்த மகளுக்குக் கண்மாய் மீனுன்னு எதை நான் அனுப்புவேன்? ஆடு மாட்டுக்குத் தண்ணிய எந்தக் கடையில வாங்குவீக?" என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. நம் பக்கம் திரும்பி, "சாமி என்ன சொல்றீக?" என்றார். அவ்வளவுதான்.

நமக்கு அந்த மார்கழி மாலை நினைவுக்கு வந்தது. பிள்ளைக்காரியின் பக்கம் நூலை விடச் சொன்ன அதே குரல் இப்போதும் நமக்குள் பேசிக்கொண்டிருந்தது. இம்முறை ஆலயக் கூரையின் பெயரால் பேசிற்று. "கூரை இன்னும் ஒரு மழை ஒழுகட்டும். கண்மாய் ஊருக்கு இருக்கட்டும்" என்றோம். சொல்லும்போது மனம் முழுமையாக ஒப்பவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறோம்.

கண்மாய் அழிந்த நாள்

வற்றும் கண்மாயில் எல்லாரும் இறங்கி மீன் பிடிப்பதைக் கண்மாய் அழிப்பது என்பார்கள். நாளிதழ்கள் மீன்பிடித் திருவிழா என்று எழுதும். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கமெங்கும் இவ்வழக்கம் உண்டு. பாஸ்கா விழாவுக்கு அடுத்த வாரம் நம் கிராமத்தில் நாள் குறித்தனர்.

விடியும் முன்பே சுற்று வட்டாரமெல்லாம் கரையில் கூடிவிட்டது. ஊத்தா, கச்சா, தூரி, பரி, வலை என்று அவரவர்க்கு வாய்த்த கருவி. ஊத்தா என்பது அடியும் மேலும் திறந்த கூம்புக் கூடை. கலங்கிய நீரில் மீன் இருக்கும் இடத்தைக் குறிபார்த்துக் கவிழ்த்து, மேல்வாய் வழியே கையை விட்டு எடுப்பார்கள். ஒன்றும் இல்லாத சிறுவர்கள் அம்மாவின் பழைய சேலையோடு நின்றனர். அம்மனைக் கும்பிட்டுவந்த ஊர்ப்பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினார். ஆயிரம் கால்கள் ஒரே நேரத்தில் நீரில் இறங்கிய ஓசையை எழுத்தில் சொல்ல இயலாது. எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்த மதம் என்று சேறு பார்க்கவில்லை; எல்லா முகமும் ஒரே நிறமாயிற்று.

அன்று பிடித்த மீனை விற்கக்கூடாது என்பது கட்டுப்பாடு. சமைத்து உண்ணவேண்டும், உறவுக்கு அனுப்பவேண்டும், இறங்க இயலாதவர் வீட்டுக்குக் கொடுக்கவேண்டும். அப்படிப் பகிர்ந்தால் அடுத்த ஆண்டு மழை பொய்க்காது என்பது மக்கள் நம்பிக்கை. வெயில் உச்சிக்கு ஏறுமுன் மறுபடியும் துண்டு வீசப்பட்டது. எல்லாரும் கரையேறினர். மடைக்கு அருகே ஆழக் கிடங்கு ஒன்றில் தண்ணீர் நின்றது. அதில் ஒருவரும் இறங்கவில்லை. அது ஆடு மாடுகளுக்கும், அடுத்த மழைக்கு வித்து மீனுக்கும் என்று விடப்பட்ட இடம்.

மதியம் எல்லா வீட்டிலும் ஒரே மணம். கணவனை இழந்து தனியே வாழும் மூதாட்டி ஒருவர் வீட்டு வாசலில், யார் வைத்தார்கள் என்று தெரியாமலே நான்கு கிண்ணங்களில் குழம்பு இருந்ததைக் கண்டோம். உயிர்த்த ஆண்டவர் ஏரிக்கரையில் கரிநெருப்பு மூட்டி, இரவெல்லாம் உழைத்தவர்களைக் காலை உணவுக்கு அழைத்த நிகழ்ச்சியைத்தான் அந்த வாரம் திருப்பலியில் வாசித்திருந்தோம். வலையிலிருந்து கரைக்கு வந்த மீன் அங்கே சந்தைக்குப் போனதாக அருளப்பர் எழுதவில்லை; பந்திக்குப் போனது.

அடுத்த ஐப்பசியில் கூரை ஒழுகத்தான் செய்தது. பீடத்தின் இடப்பக்கம் ஒரு வாளி வைத்துத் திருப்பலி நிறைவேற்றினோம். அதற்கடுத்த கோடையில், கண்மாயை விற்கவேண்டும் என்று வாதாடிய அதே இளைஞர்கள், அம்மன் கோவில் தெருப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, ஓட்டை அவர்களே மாற்றிக் கொடுத்தனர்.

குடும்பங்களுக்கு ஒரு சொல்

அன்பர்களே, எல்லாக் கண்மாயும் இந்தக் கண்மாய் போல இல்லை. வரத்துக்கால்கள் தூர்ந்து கிடக்கின்றன. உள்வாய் எங்கும் சீமைக்கருவேல் மண்டியுள்ளது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சிலேபி, குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும் மீன் ஆதலால் விரைவாகப் பெருகி, அயிரைக்கும் கெண்டைக்கும் இடமில்லாமல் செய்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க அரசு தடை விதித்துள்ளது. கண்மாயில் புகுந்தால் அது நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும். குடிமராமத்துத் திட்டத்தைத் தமிழக அரசு 2017இல் மீண்டும் தொடங்கியபோது பல கண்மாய்கள் தூர் வாரப்பட்டன. தூர் வாரிய கரையைக் காப்பதும், தடை செய்த குஞ்சைக் கண்மாயில் விடாதிருப்பதும் நம் கையில் உள்ள வேலைகள்.

பெற்றோருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். மண் அள்ளிய பள்ளங்கள் கண்மாய் நிரம்பியதும் கண்ணுக்குத் தெரியா. முழங்கால் நீர் என்று நம்பிய பிள்ளை அடுத்த அடியில் ஆளுயரத்துக்கு மேல் இறங்கிவிடும். மழை வருமுன் பிள்ளைகளை அழைத்துச் சென்று அப்பள்ளங்களைக் காட்டிவையுங்கள். நீச்சல் தெரிந்த பெரியவர் துணையின்றி டியூபில் ஏற விடாதீர்கள். நூலைக் கையிலோ காலிலோ ஒருபோதும் கட்டிக்கொள்ளக் கூடாது என்று சொல்லுங்கள். புதுவெள்ளத்தில் கலுங்கு ஏறிவரும் மீன் சினைமீன். அதை அள்ளுவது அடுத்த ஆண்டின் சோற்றை இன்றே உண்பது என்பதையும் சொல்லுங்கள். சிவந்த குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் மிதவையைத் திருப்பிவிடும் கை நம் வீட்டுப் பிள்ளைக்கும் வாய்க்கட்டும்.

கண்மாய் அழிந்த அன்று மாலை, பெரியவர் ஒரு விராலை ஓலைக்கொட்டானில் வைத்துக் கொண்டுவந்தார். "மார்கழியில சொன்னேனே சாமி, இந்தாங்க" என்றார். அதே மீன்தானா என்று கேட்டோம். "அதே இடத்துல கெடந்துச்சு" என்றார். குஞ்சுகள் என்னவாயின என்று கேட்டோம். கொஞ்சம் பிறர் ஊத்தாவில் போயிற்று, கொஞ்சம் கிடங்கில் இருக்கிறது, மீதி சேற்றுக்குள் இறங்கிவிட்டது என்று கணக்குச் சொன்னார். "மழை பேஞ்சா வரும்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.